தூக்கம் கெட்டதால் மறதியா, மறதியால் தூக்கம் கெட்டதா? (அப்பா, 76 வயது, அல்சைமர்)

மில்காரர்_மகள் | இரவு 2:50

வணக்கம். இந்த நேரத்தில் எழுதுகிறேன் என்றாலே என் நிலைமை புரிந்திருக்கும்.

அப்பாவுக்கு 76 வயது. கோயம்புத்தூரில் நூல் மில்லில் 34 வருடம் வேலை பார்த்தவர், அதில் பாதிக்கு மேல் நைட் ஷிப்ட்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அல்சைமர் என்று சொன்னார்கள். பகலில் ஓரளவு சமாளித்துவிடுகிறோம். ஆள் அமைதியானவர், தட்டில் வைத்தால் சாப்பிடுவார், என் பையனிடம் ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்பார், அவ்வளவுதான். ராத்திரிதான் பெரும்பாடு. 10 மணிக்குப் படுக்க வைத்தால் 10:30க்கு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் தேடுகிறார். "கண்ணு, சங்கு ஊதிருச்சு, ஏன் எழுப்பல?" என்று என் மேல் கோபம் வேறு. அந்த மில்லை இடித்து அங்கே அடுக்குமாடி கட்டியே வெகுகாலம் ஆகிறது. கதவைப் பூட்டி வைத்தால் தட்டுகிறார், பக்கத்து வீட்டில் லைட் எரியும். சமாதானப்படுத்திப் படுக்க வைத்தால் ஒரு மணி நேரம், அப்புறம் மறுபடி. முன்பெல்லாம் ஒரு ராத்திரிக்கு இரண்டு தடவை எழுவார், இந்த மூன்று வாரமாக ஐந்து தடவை. விடிந்ததும் அசந்துபோய், காலை டிபன் முடிந்த கையோடு டிவி முன்னால் சேரிலேயே குறட்டை. அம்மாவுக்கு முட்டிவலி, ராத்திரி அவரால் எழ முடியாது.

ஓசூரில் இருக்கும் தம்பி போனில் "ஒரு தூக்க மாத்திரை போட்டுவிட்டா முடிஞ்சுது, இதுக்குப் போய் ஏன் இவ்வளவு கஷ்டப்படற" என்கிறான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டுப் படுத்துவிடுவான்.

நான் கேட்க வந்தது வேறு. சரியாகத் தூங்காதவர்களுக்கு மறதி நோய் வரும் என்று வாட்ஸாப்பில் ஒரு வீடியோ வந்தது. மூளையில் சேரும் குப்பையைத் தூக்கம்தான் கழுவுகிறதாம். அதைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைக்கத்தானே அவர் அத்தனை ராத்திரி கண் விழித்தார், அதுதான் இப்படி ஆக்கிவிட்டதா? இன்னொன்று, எனக்கு இப்போது 51. ஒரு வருடமாகத் தொடர்ந்து 5 மணி நேரம் தூங்கியதாக ஞாபகமே இல்லை. எனக்கும் இது வருமா? தெரிந்தவர்கள் பூசி மெழுகாமல் சொல்லுங்கள்.

---

புள்ளிவிவரப்புலி | காலை 7:15

சகோதரி, நான் டாக்டர் இல்லை. புள்ளிவிவரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். என் அம்மாவுக்கும் இதே நோய் இருந்ததால் இந்த ஆய்வுகளைத் துருவித் துருவிப் படித்திருக்கிறேன். அந்த வீடியோவை நானும் பார்த்தேன். அதில் இருப்பது பொய் இல்லை, ஆனால் பாதிக்கதை.

தூக்கமும் மறதி நோயும் என்று பேச்சு வந்தாலே எல்லோரும் காட்டுவது லண்டன் அரசு ஊழியர்களை வைத்து 1985இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வைத்தான். அந்தத் தகவல்களிலிருந்து 7,959 பேரை எடுத்து 25 வருடக் கணக்கைப் பார்த்து 2021இல் வெளியிட்டார்கள். 50, 60, 70 என்று மூன்று வயதிலும் 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரம் தூங்கியவர்களைவிட மறதி நோய் வரும் வாய்ப்பு 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. இந்த 30 சதவீதத்தைத்தான் வீடியோக்காரர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். 100 பேர் தூங்காவிட்டால் 30 பேருக்கு வரும் என்று இதற்கு அர்த்தமே கிடையாது. அந்த 7,959 பேரில் மொத்தம் நோய் வந்தது 521 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஆறு ஏழு பேர். அந்த ஆறு ஏழில் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

அடுத்து அந்தக் குப்பை கழுவும் கதை. 2013இல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டின் குழு எலிகளை வைத்துச் செய்தது. எலி தூங்கும்போது மூளைச் செல்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி ஏறக்குறைய 60 சதவீதம் கூடுகிறது, அந்த வழியாக அமிலாய்டு என்கிற புரதக் கழிவு வேகமாக வெளியேறுகிறது என்றார்கள். மனிதர்களில் 2018இல் 20 பேரை ஒரே ஒரு ராத்திரி தூங்கவிடாமல் வைத்து ஸ்கேன் எடுத்தபோது, ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் அமிலாய்டு ஏறக்குறைய 5 சதவீதம் ஏறியிருந்தது. கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் 2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் எலிகளில் வேறு முறையில் அளந்துவிட்டு, தூங்கும்போது மூளை கழுவுவது கூடவில்லை, குறைகிறது என்று நேர் எதிராகச் சொன்னார்கள். சண்டை இன்னும் தீரவில்லை. வீடியோவில் இதைச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் யார் ஃபார்வர்டு செய்வார்கள்?

உங்கள் தலைப்புக் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. அல்சைமரில் அமிலாய்டு சேர ஆரம்பிப்பது, மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 வருடங்களுக்கு முன்னால். அந்த 20 வருடத்தில் மூளையில் தூக்கத்தை நடத்துகிற பகுதிகளும் கொஞ்சம் கொஞ்சமாக அடிவாங்கத் தொடங்கிவிடுகின்றன. அதனால் 60 வயதில் ஒருவர் சரியாகத் தூங்கவில்லை என்றால், அது நோய்க்குக் காரணமா, அல்லது உள்ளே ஏற்கெனவே வந்துவிட்ட நோயின் முதல் அறிகுறியா என்று வெளியிலிருந்து பிரித்துப் பார்ப்பது ரொம்பக் கஷ்டம். அமெரிக்காவில் ஃபிரேமிங்காம் ஊர் ஆய்வில் நீண்ட நேரத் தூக்கத்தையும் பார்த்தார்கள். புதிதாக 9 மணி நேரத்துக்கு மேல் தூங்க ஆரம்பித்த முதியவர்களுக்கு அடுத்த 10 வருடத்தில் நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. அதிகம் தூங்கியதால் நோய் வந்தது என்று யாரும் சொல்லவில்லை, நோய் உள்ளே வந்ததால் தூக்கம் மாறியது என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். அதே தர்க்கத்தைக் குறைந்த தூக்கத்துக்கும் கொஞ்சமாவது பொருத்திப் பார்க்க வேண்டாமா? என்னைக் கேட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்பேன், எது எவ்வளவு என்று பிரிக்கத்தான் இன்னும் வழி தெரியவில்லை.

லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. காது கேளாமை, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், கெட்ட கொழுப்பு, தனிமை எல்லாம் அதில் உண்டு. தூக்கம் இல்லை.

அப்பாவின் நைட் ஷிப்ட் பற்றி: ஷிப்ட் வேலையை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஒரு தனி மனிதருக்கு எதனால் வந்தது என்று எந்த ஆய்வாலும் சொல்ல முடியாது. அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

---

கைவைத்தியம் | காலை 8:02

இதுக்கெல்லாம் ஆராய்ச்சி எதுக்கு? ஜாதிக்காயை இழைச்சு பாலில் ஒரு ஸ்பூன் போட்டுக் கொடுங்க, பெரியவர் விடிய விடியத் தூங்குவார். எங்க தாத்தா 92 வரைக்கும் இருந்தார்.

---

பழைய_பார்மசிஸ்ட் | காலை 9:40

மேலே ஜாதிக்காய் சொன்ன நண்பருக்கு: கிள்ளி எடுத்த அளவு சமையலில் போட்டால் ஒன்றும் ஆகாது. ஸ்பூன் கணக்கில் போனால் ஜாதிக்காயே புத்தியைக் குழப்பும், இல்லாததெல்லாம் தெரிய வைக்கும், நெஞ்சு படபடக்கும். ஏற்கெனவே குழம்பியிருக்கிறவருக்கு இது வேண்டாம்.

அம்மா, நான் 38 வருடம் மருந்துக்கடை வைத்திருந்தேன். முதலில் அப்பா சாப்பிடும் அத்தனை மாத்திரை அட்டையையும் ஒரு தட்டில் கொட்டி, எது எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதுங்கள். அல்சைமர் என்றால் பெரும்பாலும் டோனெபெசில் கொடுத்திருப்பார்கள். அதை ராத்திரி படுக்கும்போது போடச் சொல்லி எழுதுவது பழைய வழக்கம், ஆனால் சிலருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும், தத்ரூபமான கனவுகளைக் கொண்டுவரும். கனவில் சங்கு ஊதினால் மனுஷன் எழுந்து சட்டை போடத்தான் செய்வார்! டாக்டரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றினாலே சில பேருக்கு ராத்திரி அடங்கிவிடும், காசு செலவில்லாத வைத்தியம் இது. அதேபோல ரத்த அழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை இருந்து, அதைச் சாயங்காலம் கொடுத்துக்கொண்டிருந்தால் ராத்திரி நாலு தடவை பாத்ரூமுக்கு எழுப்பும். பாத்ரூமுக்கு எழுந்தவர் எதற்கு எழுந்தோம் என்பதை மறந்துவிட்டு, வேலைக்குக் கிளம்பவே எழுந்ததாக நினைத்துக்கொள்வார்.

தம்பி சொல்கிற தூக்க மாத்திரைக்கு வருகிறேன். அல்பிரசோலம், குளோனசெபம், சோல்பிடெம் எல்லாம் 76 வயதில், அதிலும் இந்த நோய் உள்ளவருக்கு, குழப்பத்தைக் கூட்டும், நடை தள்ளாடும். ராத்திரி பாத்ரூமுக்குப் போகிற வழியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அதற்கப்புறம் பழைய நிலைக்கு வருவது அபூர்வம். என் கடையில் சீட்டு இல்லாமல் இதைக் கேட்டு எத்தனை மகன்கள் வந்து நின்றிருக்கிறார்கள் தெரியுமா, கொடுக்க மாட்டேன் என்றதும் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். ஒருவேளை ஏற்கெனவே இதில் ஏதாவது பல மாதமாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. டாக்டர் சொல்லி மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொரு வகை, யாரும் சந்தேகப்படாத வகை: சளி, அலர்ஜிக்கு வாங்கும் குளோர்பெனிரமைன், டைஃபென்ஹைட்ரமைன் சேர்ந்த மாத்திரைகளும் சிரப்புகளும். நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் சேர்த்திதான். டோனெபெசில் மூளையில் அசிட்டைல்கோலின் என்கிற ரசாயனத்தைக் கூட்டப் பார்க்கிறது, இவை அதன் வேலையைத் தடுக்கின்றன. ஒரு கையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு இன்னொரு கையில் பிரேக் பிடித்த மாதிரி. ரொம்பத் தொந்தரவு என்றால் சில டாக்டர்கள் குயெட்டியாபின் என்கிற மனநோய் மருந்தை எழுதுவார்கள். அந்த வகை மருந்துகள் மறதி நோய் உள்ள முதியவர்களில் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005லேயே கடுமையான எச்சரிக்கை போட வைத்தது. கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேறு வழியே இல்லாதபோது, குறைந்த அளவில், எத்தனை நாளைக்கு என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். எத்தனை நாள் என்று நாம் கேட்காவிட்டால் அது பாட்டுக்கு வருடக்கணக்கில் ஓடும்.

---

வடமராட்சியாள் | மதியம் 1:25

தங்கச்சி, நான் நெதர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் 19 வருடமாக வேலை செய்கிறேன், அதிலே கன காலம் இரவு வேலை. உங்கட அப்பாவைப் போல எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். முன்னாள் பேக்கரிக்காரர் ஒருவர் நாள் தவறாமல் அதிகாலை 3 மணிக்கு எழும்பி மா குழைக்க வேண்டும் என்று நிற்பார்.

முதலில் ஒரு அவசர விஷயம். மூன்று வாரமாகத் திடீரென்று கூடிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், மற்றவர்கள் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. அல்சைமர் மெதுவாகப் போகும் நோய், மூன்று வாரத்தில் இரண்டு தடவை ஐந்து தடவையாக மாறாது. அப்படி மாறினால் நாங்கள் முதல் வேலையாகச் சலம் (சிறுநீர்) எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம். வயதானவர்களுக்குச் சலத்தில் கிருமித் தொற்று வந்தால் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் கூடும். அடுத்தது மலச்சிக்கல், பல்வலி, மூட்டுவலி, புதிதாகத் தொடங்கிய மருந்து. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்கள் எழும்பி நடப்பார்கள், அதுதான் அவர்கள் சொல்கிற விதம். நாளைக்கே பாருங்கோ.

இனி வெளிச்சம். மூளையில் கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு சின்னக் கூட்டம் செல்கள் இருக்கின்றன, அதுதான் உடம்பின் மணிக்கூடு. அல்சைமரில் அந்த மணிக்கூடே தேய்ந்துபோகிறது. பின்னேரமானதும் இவர்களுக்குப் பதற்றம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். தேய்ந்த மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பது முக்கியமாகப் பகல் வெளிச்சம்தான், வயது போகப் போகக் கண் வில்லை மங்கி அதுவும் உள்ளே குறைவாகத்தான் போகும். உங்கட அப்பாவுக்குக் கண்புரை இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

இங்கே 12 இல்லங்களில் 189 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்து 2008இல் வெளியிட்டார்கள். பொது மண்டபத்தில் கூரை விளக்குகளைக் கூட்டி, காலை தொடங்கிப் பின்னேரம் 6 மணி வரைக்கும் ஏறக்குறைய 1,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம். அப்படி இருந்தவர்களுக்கு அறிவுத் திறன் மங்குவது கொஞ்சம் குறைந்தது, 5 சதவீதம் அளவுக்கு. பெரிய மாயமில்லை, ஆனால் ஒரு மாத்திரையும் இல்லாமல் கிடைத்தது. மெலடோனின் என்கிற நித்திரை ஹார்மோனை மட்டும் எடுத்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் நித்திரையானார்கள், ஆனால் முகம் கொடுத்துக் கதைப்பது குறைந்து ஒதுங்கிப் போனார்கள். வெளிச்சத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது அந்தக் குறை தெரியவில்லை. இங்கே பனிக்காலத்தில் காசு செலவழித்து விளக்குப் போடுகிறோம், உங்களுக்கு வாசலிலே வெயில் கொட்டிக் கிடக்கிறது! வீட்டு டியூப்லைட் சில நூறு லக்ஸ்தான் இருக்கும், மர நிழலில் இருந்தாலே பல ஆயிரம் வரும். காலையில் ஒரு மணி நேரம் வெளியே நிழலில் கதிரை போட்டு இருத்துங்கள், தேத்தண்ணியை அங்கே கொடுங்கள், பின்னேரமும் கொஞ்சம் நடக்க விடுங்கள். டிவிக்கு முன்னால் நித்திரை கொள்ள விடாதீர்கள். மதியம் அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி, 3 மணிக்குப் பிறகு வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மில் இடித்தாயிற்று என்று அவரோடு வாதாடாதீர்கள். நீங்கள் நிரூபித்துக் காட்டினாலும் காலையில் மறந்துவிடுவார், ஆனால் மகள் கோபித்தாள் என்கிற உணர்வு மட்டும் உள்ளே தங்கிவிடும். எங்கட பேக்கரிக்காரரிடம் "இன்றைக்கு மா வரவில்லை" என்று சொல்லுவோம். உடனே திரும்பிப் போய்ப் படுப்பார், சில நாள் கொஞ்சம் திட்டிவிட்டுப் போய்ப் படுப்பார்.

---

மில்காரர்_மகள் | மாலை 6:10

எல்லோருக்கும் நன்றி. ஆபீஸில் இருந்தபடி படித்துவிட்டு அங்கேயே அழுதுவிட்டேன், பக்கத்து சீட்டு அக்கா பயந்துபோய்விட்டார்.

பார்மசிஸ்ட் ஐயா, மாத்திரைகளைக் கொட்டிப் பார்த்தேன். டோனெபெசில் ராத்திரி 9 மணிக்குத்தான் கொடுக்கிறோம். போன மாதம் சளி பிடித்தபோது பக்கத்துக் கடையில் வாங்கிய சிரப்பு பாட்டிலும் இருக்கிறது, அம்மா அதை இன்னும் தினம் ஒரு மூடி கொடுத்துக்கொண்டிருக்கிறார், "இருமலுக்கு நல்லா கேக்குது" என்று. பாட்டிலில் பொடி எழுத்தில் குளோர்பெனிரமைன் என்று போட்டிருக்கிறது. வடமராட்சி அக்கா, மூன்று வாரக் கணக்கு அதோடு ஒத்துப்போகிற மாதிரித்தான் இருக்கிறது. கண்புரை ஒரு கண்ணில் இருக்கிறது, இந்த நிலைமையில் ஆபரேஷன் எதற்கு என்று விட்டுவிட்டோம். நாளை லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போகிறேன்.

---

உறையூர்க்காரி | இரவு 8:35

உங்கள் அப்பா தூக்கத்திலேயே கத்துகிறாரா, கையைக் காலை வீசுகிறாரா என்றும் கவனித்துக்கொள்ளுங்கள். என் கணவர் கதையைச் சொல்கிறேன். 50 வயதிலிருந்தே தூக்கத்தில் உதைப்பார், யாரையோ விரட்டுவது போலக் கத்துவார். ஒருநாள் என் கண்ணுக்குக் கீழே குத்தே விழுந்தது. காலையில் கேட்டால் நாய் துரத்திய கனவு என்பார். குடும்பத்தில் இது பெரிய ஜோக், என் ஓரகத்தி "உனக்குத் தூங்கும்போதுதான் அடி விழுமா" என்று கிண்டல் செய்வாள். 66 வயதில் நடை சுருங்கியது, வராத விருந்தாளிகள் கூடத்தில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். லெவி பாடி என்கிற வகை மறதி நோய்.

நாம் கனவு காணும்போது உடம்பு அசையாமல் இருக்க மூளையில் ஒரு பூட்டு இருக்கிறதாம், அது கழன்றுவிட்டால் கனவில் செய்வதையெல்லாம் கைகால் செய்யும். அமெரிக்காவில் மினசோட்டாவில் கார்லோஸ் ஷெங்க் என்கிற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் 1986லேயே இதை எழுதியிருக்கிறார்கள். பிறகு 24 மையங்களில் இப்படி உள்ள 1,280 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், 12 வருடத்தில் ஏறக்குறைய 73 சதவீதம் பேருக்குப் பார்க்கின்சனோ இந்த வகை மறதி நோயோ வந்துவிட்டது என்று 2019இல் கணக்குச் சொன்னார்கள். தூக்கம் முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கிறது என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். எங்களுக்கு 16 வருடம் சொல்லிக்கொண்டே இருந்தது, எங்களுக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த வகைக்காரர்களுக்கு ஹாலோபெரிடால் மாதிரி மனநோய் மருந்துகள் ஆகவே ஆகாது. ஒரு மருத்துவமனையில் ராத்திரி சத்தம் போடுகிறார் என்று ஒரு ஊசி போட்டார்கள், மூன்று நாள் உடம்பு கட்டை மாதிரி விறைத்து, விழுங்கக்கூட முடியாமல் கிடந்தார். கனவில் கைகால் வீசும் பழக்கம் உண்டு என்று நான் அன்று வாய் திறந்து சொல்லியிருந்தால் போட்டிருக்க மாட்டார்களோ என்னவோ. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீங்கள் கேட்காமலே சொல்லுங்கள்.

---

புள்ளிவிவரப்புலி | இரவு 9:20

உறையூர் சகோதரி சொன்னது முக்கியம். நான் காலையில் விட்டுவிட்ட ஒன்றும் இருக்கிறது: குறட்டை. சேரில் குறட்டை விடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். ராத்திரி குறட்டைக்கு நடுவில் சில நொடி மூச்சு நின்று, அப்புறம் திணறிக்கொண்டு இழுக்கிறாரா? அப்படியென்றால் ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், தூக்கம் உடையும், பகலில் சொக்கும். மறதி இல்லாத ஆளையே அது மந்தமாக்கிவிடும். போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள், வார்த்தையில் விவரிப்பதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

உங்களுக்கும் வருமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. அதே ஃபிரேமிங்காமில் 60 வயது தாண்டிய 346 பேருக்கு ஆழ்ந்த தூக்கத்தை ஐந்து வருட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து, பிறகு 17 வருடம் தொடர்ந்தார்கள். வருடத்துக்கு ஒரு சதவீதம் ஆழ்ந்த தூக்கம் குறைந்தால் நோய் வாய்ப்பு 27 சதவீதம் கூடியது என்று 2023இல் வந்தது. அதையும் காரணம் என்று நிரூபித்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் 51 வயதில் 5 மணி நேரம் போதாது என்பதற்கு ஆய்வே வேண்டாம், நீங்கள் ஆபீஸில் அழுததே போதும். தம்பிக்கு மாதத்தில் நான்கு ராத்திரி ஒதுக்குங்கள். மாத்திரை யோசனை சொன்னவர் வந்து ஒரு ராத்திரி கூட இருந்து பார்க்கட்டும்.

---

மில்காரர்_மகள் | 17 நாள் கழித்து, காலை 7:05

என்ன ஆயிற்று என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். சிறுநீரில் தொற்று இருந்தது. அக்கா, நீங்கள் சொன்னதேதான், காய்ச்சல் துளிகூட இல்லை. ஒரு வாரம் மருந்து. சிரப்பு பாட்டிலை அம்மா கண்ணில் படாமல் குப்பையில் போட்டேன். டோனெபெசிலைக் காலை டிபனுக்கு மாற்ற டாக்டர் ஒத்துக்கொண்டார். கனவில் கைகால் வீசுவதில்லை என்றும் சொல்லிவிட்டேன், அவர் அதைக் குறித்துக்கொண்டார். குறட்டை வீடியோவைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே மாட்டிப் பார்க்கிற கருவி ஒன்றை ஒரு ராத்திரிக்குக் கொடுத்தார், அதை 2 மணிக்கு அப்பா பிடுங்கிப் போட்டுவிட்டார், மறுபடி முயல வேண்டும். கண்புரை ஆபரேஷனுக்கும் தேதி கேட்டிருக்கிறேன்.

இப்போது இரண்டு தடவைதான் எழுகிறார், சில நாள் மூன்று. எதனால் குறைந்தது என்று புலி ஐயா கேட்பார், எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டதால் எனக்கு எதுவும் தெரியாது. காலையில் 7 முதல் 8 வரை வாசலில் வேப்பமரத்தடியில் சேர் போட்டு உட்கார வைக்கிறோம். தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு எந்த ஷிப்ட் என்று கேட்கிறார்.

பத்தரை மணி ஷிப்ட் மட்டும் நிற்கவில்லை. முதல் நாள் "ஆயுத பூஜை லீவுங்கப்பா" என்றேன், படுத்துவிட்டார். தினம் ஆயுத பூஜை சொன்னால் எனக்கே ஒரு மாதிரி இருந்தது, அதனால் அடுத்த நாள் "மில்லுல கரண்ட் இல்லையாம், திருப்பி அனுப்பறாங்களாம்" என்றேன். "அப்படின்னா பாதிச் சம்பளந்தான் தருவான்" என்று முனகிக்கொண்டே சட்டையைக் கழற்றினார். இரண்டு வாரமாக எங்கள் மில்லில் கரண்டே இல்லை.

போன சனிக்கிழமை தம்பி வந்தான். நான் பையனை அழைத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய் 9 மணிக்கே படுத்துவிட்டேன். ராத்திரி 1:30க்குப் போன். எடுத்தால் அவன் மூச்சு வாங்கிக்கொண்டு குசுகுசுவென்று கேட்கிறான்: "அக்கா, கரண்ட் வந்துருச்சுன்னு அப்பா கிளம்பிட்டாரு, தூக்குப்போசியை எங்க வச்சிருக்கே?"